வீட்டோடு ஒரு ரீச்சர்

1

போன வாரம் ஸ்ரீல்ஸ் வீதி பஸ்ஸில் எனக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று தடித்த ஆங்கில நாவலொன்றின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனக்குள் சிரித்தது. அட்டைப்படத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண், பின்னால் ஒரு பெரிய மாளிகை. நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த வகை நாவல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். தாய் தகப்பன் இல்லாத, கையில் எதுவும் இல்லாத, ஆனால் நன்றாகப் படித்த ஒரு பெண், பணக்கார வீடொன்றில் தங்கி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவாள். அவமானப்படுவாள். பொறுத்திருப்பாள். கடைசியில் அவளுக்கு ஒரு கலியாணமோ சொத்தோ, அதுவும் இல்லாவிட்டால் மரியாதையோ கிடைக்கும்.

அந்தப் பிள்ளையின் தோளில் தட்டி, இதையெல்லாம் நம்பாதே என்று சொல்ல வாய் உன்னியது. அதற்குள் நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. மில்லிக்கனில் நான் இருக்கும் பேஸ்மன்ற் அறைவரை பனியில் கோபத்தோடு நடந்தேன்.

புத்தகத்தோடு என்ன கோபம் என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக அந்த நாவல்களைப் படிப்பித்தவள் நான். பிறகு ரொறன்ரோவுக்கு வந்து அந்த நாவலுக்குள்ளேயே ஏழு வருடம் குடியிருந்தேன். அந்த வீட்டை விட்டு வெளியேறி இந்த மாதத்தோடு மூன்று வருடம். ஆகவே எனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வந்திறங்கியபோது என்னிடம் இருந்தது இரண்டு சூட்கேசும் நூறு வருடம் பழைய ஆங்கிலமும்தான். அகதி விசாரணைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொல்லியும், விதி அப்படித்தான் என்றார்கள். நான் தமிழில் சொன்னதை அந்தத் தம்பி ஆங்கிலத்தில் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் திருத்துவதுபோல இரண்டு இடத்தில் திருத்தினேன். விசாரிக்கிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தம்பி அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவேயில்லை.

வேலை தேடித்தரும் அலுவலகத்தில் இன்னொரு கூத்து. என் பட்டப்படிப்பின் சான்றுகளைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்பவேண்டும் என்றார்கள். ஊரில் சண்டை, பாதை மூடியிருக்கிறது, தபால் கப்பலில் போய்வருகிறது, எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றேன். அதற்குரிய கட்டம் அவர்களுடைய படிவத்தில் இல்லை. கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வந்து மூன்று மாதம் என்றேன். எனக்கு உதவி செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண், நான் எழும்பும்போது சொன்ன நன்றியுரையைக் கேட்டுவிட்டு, நீங்கள் ஊரில் நாடகத்தில் நடித்தீர்களா என்று உண்மையாகவே கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மாளிகைகளின் வரவேற்பறைகளில் பேசப்பட்ட ஆங்கிலம். கோப்பிக் கடையில் ஒரு தேநீர் கேட்க நான் எடுத்துக்கொண்ட வசனத்தின் நீளத்தில் எனக்குப் பின்னால் நின்ற வரிசையே பொறுமை இழந்தது.

அப்படியான நாள் ஒன்றில்தான், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காயின் விலையைப் பார்த்து மலைத்துப்போய் நின்ற என்னை, பின்னாலிருந்து ஒரு குரல் “ரீச்சர்” என்று கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தேன். சுகந்தி. உயர்தர வகுப்பில் என்னிடம் ஆங்கில இலக்கியம் படித்தவள். முதல் வரிசையில் இருந்து, நான் வாசிக்கும்போது கண் கலங்குகிறவள். கடை நடுவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். முருங்கைக்காயை அவளே எடுத்துத் தந்தாள்.

3

சுகந்தி ஒரு நிறுவனத்தில் கணக்காளர். கணவன் குகன் வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். யூனியன்வில்லில் இரண்டு கார் நிறுத்தும் கராஜோடு புதுவீடு. ஐந்து வயதில் ஒரே மகள், ஆரணி. காலையில் போனால் இருவரும் இருட்டித்தான் வருவார்கள். பேஸ்மன்ற் சும்மா கிடக்கிறது, நீங்கள் வந்து இருங்கோ, பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் நல்ல பழக்கமும் வரும், நீங்கள் எங்கட வீட்டு ஆள்மாதிரி என்றாள். ‘மாதிரி’ என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

நாவல்களில் அந்த ஆசிரியைக்கு மேல்மாடியில், கூரைக்குக் கீழே அறை. எனக்கு நிலத்துக்குக் கீழே. யன்னல் புல் மட்டத்தில் இருந்தது, பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை. நாவல் விதிப்படி வீட்டுத் தலைவரைக் கண்டதும் எனக்கு நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். குகன் பாவம். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவர் ஏழு வருடத்திலும் கேட்ட கேள்வி, ரி.வி. ரிமோட்டைக் கண்டீர்களா என்பதுதான்.

அந்த நாவல்களின் ஆசிரியைக்குத் தெளிவான இடம் இல்லை என்று வகுப்பில் விளக்குவேன். அவள் வேலைக்காரியோடு குசினியில் இருக்க முடியாது, படித்தவள். வீட்டுக்காரரோடு மேசையில் இருக்கவும் முடியாது, கூலிக்கு வந்தவள். ஆகவே அறைக்குத் தட்டில் சாப்பாடு வரும். விருந்தாளிகள் வந்தால் திரைச்சீலைக்குப் பக்கத்தில் தையல் வேலையோடு இருப்பாள். அவள் காதுபடவே அவளைப் போன்றவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவார்கள். இந்த இடம் வரும்போது வகுப்பு முழுதும் கொதிக்கும். சுகந்திதான் எல்லோரிலும் அதிகம் கொதித்தவள். அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை அடுத்த வகுப்புகளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

யூனியன்வில் வீட்டில் சாதாரண நாட்களில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். விருந்தாளிகள் வரும் நாட்களில், களைத்துப்போவீர்கள், நீங்கள் முதலில் சாப்பிட்டுவிடுங்கள் என்பாள் சுகந்தி. உண்மையான அக்கறையோடுதான் சொல்லுவாள். எங்கள் கல்லூரிப் பழைய மாணவிகள் வந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எங்கட ரீச்சர் என்று காட்டுவாள். குகனின் சொந்தக்காரர் வந்தால் நான் ஆரணியைப் பார்க்கிறவள். ஒரே நாளில் இரண்டு கூட்டமும் வந்தால் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்த மாட்டாள். நான் மூலைக் கதிரையில் ஒரு புத்தகத்தோடு இருப்பேன். தையல்தான் இல்லை என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்குச் சிரிக்க முடிந்தது.

4

சிரிக்க முடிந்ததற்குக் காரணம் ஆரணி.

தாய் தகப்பன் என்னை ரீச்சர் என்று கூப்பிட்டதால் அது என் பெயர் என்றே அந்தக் குழந்தை நினைத்திருந்தது. பள்ளிக்கூடம் போன முதல் நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தது. அங்கே வேறொரு மனுசியையும் எல்லோரும் ரீச்சர் என்று கூப்பிடுகிறார்களாம். அவ உங்கட பேரைக் களவெடுத்திட்டா என்று என் மடியில் ஏறி இருந்து அழுதது. அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. பிள்ளைகள் ஆயிரம் பேரைக் கண்டவள் நான். ஆனால் மடியில் ஒன்றும் இருந்ததில்லை.

காலையில் தலை இழுத்துப் பின்னி, சாப்பாட்டுப் பெட்டி கட்டி, பனிச்சப்பாத்து மாட்டிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவேன். பின்னேரம் கூட்டிவருவேன். காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் படுப்பேன். தமிழ் எழுத்தும் தொடங்கினோம். மெய்யெழுத்து வரையில் நன்றாகத்தான் போனது. உயிர்மெய்யில் நின்றுவிட்டது. அதற்கிடையில் நீச்சல் வகுப்பு, பியானோ வகுப்பு, சிநேகிதிகளின் பிறந்தநாள். எட்டு வயதில் என் கேள்விக்குத் தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. பத்து வயதில் பெரும்பாலும் ஆங்கிலம். என் உச்சரிப்பைத் திருத்தவும் தொடங்கினாள். நூறு வருடம் பிந்தியிருந்த என் ஆங்கிலத்தை இழுத்துக்கொண்டு வந்து தொண்ணூறுகளில் விட்டவள் அவள்தான். அதற்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது என் சான்றுகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. மேற்கொண்டு ஒரு வருடம் படித்தால் இங்கே முறையான ஆசிரியை ஆகலாம் என்று ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. சுகந்தியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப போகாதேங்கோ ரீச்சர், பிள்ளை உடைஞ்சுபோகும், நீங்கள் ஏன் வேலை தேடவேணும், கடைசிவரை இது உங்கட வீடு என்றாள். அந்த இடத்தை நான் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் கேட்டபோது விதி மாறியிருந்தது.

யாரையும் குறை சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவுதான். எனக்குச் சம்பளமோ பேஸ்மன்றோ பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை என்னைத் தன் ஆள் என்று நினைக்கவேண்டும், அது ஒன்றே போதும் என்றிருந்தேன். நாவல்களில் அந்தப் பெண்கள் வீட்டுக்காரரைக் காதலிப்பது ஏன் என்று வகுப்பில் பக்கம் பக்கமாகக் காரணம் சொல்லியிருக்கிறேன். எழுதியவர்கள் பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான் இப்போது படுகிறது. அந்த வீடுகளில் நெஞ்சைப் பறிகொடுப்பது பிள்ளையிடம்தான்.

5

ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. இலை உதிர்காலம். பள்ளிக்கூடத்தால் வந்து நேரே குளியலறைக்குள் போனவள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். பெரியபிள்ளையாகிவிட்டாள். பயப்படாமல் இருக்கச் சொல்லி, செய்யவேண்டியதைச் செய்து, உடுப்பு மாற்றி, இஞ்சி போட்ட தேநீர் கொடுத்துவிட்டுத் தாயின் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். சுகந்தி போனிலேயே அழுதாள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமனின் மனைவி. சுகந்தியின் தமையன் குடும்பம் ஜேர்மனியில். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த சுகந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். “மாமி ஸ்தானத்தில நிண்டு நீங்கள்தான் வாக்கவேணும் ரீச்சர். நீங்கள் வளத்த பிள்ளை.”

நான் கலியாணம் கட்டாதவள், அதற்கு என்னைக் கூப்பிடக்கூடாது என்றேன். இது கனடா, ஆர் பாக்கினம் என்றாள். அவளோடு நான் அதிகம் வாதாடவில்லை. உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோசம். சூட்கேசின் அடியில் இருந்த கடுகு நிறக் காஞ்சிபுரத்தை எடுத்து, வியாழன் வெள்ளி இரண்டு நாளும் வெளியே தொங்கவிட்டு, சனிக்கிழமை அயர்ன் பண்ணினேன்.

இங்கே சுகந்தியின் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கோடையில்தான் குகன் ஸ்பொன்சர் பண்ணிக் கொழும்பிலிருந்து தாயைக் கூப்பிட்டிருந்தார். எழுபது தாண்டிய மனுசி. கெட்டவ என்று சொல்ல மாட்டேன். முறை தவறக்கூடாது என்பது அவவுக்கு உயிர். முறைகளை விட்டால் அவவுக்கு இந்தக் குளிர் ஊரில் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது என்றும் நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளையின் தலையில் பால் அறுகு வைக்க அறுகம்புல் இல்லை, முன்புல்வெளியில் யாரோ ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். மேல்மாடிக் குளியல் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல். அதில் ஆரணி, போட்ட உடுப்போடு, சிரிப்பை அடக்கமாட்டாமல் இருந்தாள். நான் பட்டுச்சேலையோடு மாடி ஏறியபோது மில்லிக்கனிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கையில் செம்பு இருந்தது. குகனின் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. அந்தப் பிள்ளையை வாழ்நாளில் நாலு தரம் கண்டிருப்பா. நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் மஞ்சள் கரைப்பதில் மும்முரமாக இருந்தாள். சரி, கலியாணம் கட்டாதவள் என்ற நியாயம் எனக்குத் தெரிந்ததுதானே. துவாயை வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

தண்ணீர் வார்த்து முடிந்தது. பிள்ளையை நான்தான் துடைத்து, சேலையைச் சுற்றிவிட்டேன். மாமியார் ஈர உடுப்புகளை ஒரு தட்டத்தில் வைத்து, மேலே வெற்றிலையும் தேங்காயும் வைத்துக்கொண்டு நிமிர்ந்தா. இதை ஆர் எடுக்கிறது என்று கேட்டா.

அங்கே நின்ற எல்லோருக்கும் கேள்வி விளங்கியது. ஊரில் அந்த உடுப்பை எடுத்துக்கொண்டு போவது கட்டாடி வீட்டுப் பெண், குடும்பத்துக்குத் துணி வெளுக்கிறவள். தீட்டு அவளோடு போய்விடவேண்டும் என்பது கணக்கு. வீட்டார் வைத்திருக்கவும் கூடாது, எறியவும் கூடாது. ரொறன்ரோவில் பொதுவாக யாரும் இதை நினைப்பதுமில்லை. குப்பைப் பையில் கட்டிப் போட்டுவிடுவார்கள். இந்த மனுசி விடமாட்டேன் என்று நின்றா. பெண்கள் ஒவ்வொருவராகச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள். சுகந்தி தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரீச்சரிட்டைக் குடுங்கோ மாமி” என்றாள்.

“இந்தாரும் பிள்ளை” என்று மாமியார் தட்டத்தை நீட்டினா.

தட்டிவிட்டிருக்கலாம். கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் ஈரத்தலையோடு ஆரணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நாளை நான் கெடுக்க முடியாது. இரண்டு கையாலும் வாங்கினேன். பெண்கள் வழி விட்டார்கள். உரசாமல் இருக்கத் தாராளமாகவே விட்டார்கள். பட்டுச்சேலையோடு அந்த ஈர உடுப்பைச் சுமந்துகொண்டு மேல்மாடியிலிருந்து பேஸ்மன்றுக்கு இரண்டு மாடி இறங்கினேன்.

6

என் பதின்மூன்றாவது வயதில் என் உடுப்பை எடுத்துக்கொண்டு போனவளின் பெயர் செல்லம். பின்கதவால் வருவாள். அம்மாவைவிட மூத்தவளாக இருப்பாள், ஆனால் அம்மா அவளை நீ என்றுதான் கூப்பிடுவா. நாங்களும் அப்படித்தான். அன்று வாங்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பேஸ்மன்றில் இருந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. யாரும் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

முதல் இரண்டு நாளும் எனக்கு வந்தது, என்னைப் போய்ச் செல்லத்தின் இடத்தில் நிறுத்திவிட்டார்களே என்ற கொதிப்பு. என்னைப் போய். படித்தவளை, இன்ன வீட்டுப் பிள்ளையை. மூன்றாம் நாள்தான் அந்த ‘என்னைப் போய்’ என் காதிலேயே விழுந்தது. அப்படியானால் செல்லத்துக்கு அது பொருத்தமாக இருந்ததா? நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தில் ஒரு ஆசிரியையை மூலையில் இருத்தியதற்காகக் கொதித்த எங்கள் வகுப்பில், பின்கதவால் வருகிறவளைப் பற்றி ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. அந்த நாவல்களிலும் துணி தோய்க்கிறவளுக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை.

இதெல்லாம் என் கோபத்தைக் குறைத்ததா என்றால் இல்லை. கோபம் இரண்டு மடங்காகியது. அதைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு இருந்த ஒரே ஆள் சுகந்தி.

7

அவள் லீவில் நின்ற ஒரு காலை. குசினியில் தோசை மா கரைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தா. ஏன் அப்படிச் செய்தீர் என்று நேரடியாகவே கேட்டேன்.

“மாமி பிடிச்சாப் பிடிச்சதுதான் ரீச்சர். ஆரோ ஒராள் எடுக்கவேணுமெல்லோ. சொந்தக்காரரிட்டைக் குடுத்தா அவை கோவிப்பினம், பிறகு காலத்துக்கும் கதை” என்றாள். “நீங்கள் கோவிக்கமாட்டியள் எண்டு நினைச்சன்.”

நான் கோபித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன். அவள் தொடர்ந்து மாவைக் கரைத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எத்தனை வருடம், என்னவெல்லாம் படித்தோம், அந்தக் கட்டுரையை எழுதியது நீர்தானே, விருந்தாளிகளுக்கு முன்னால் அந்த ஆசிரியையை அவமானப்படுத்தியதற்கு அழுதது நீர்தானே என்று வகுப்பில் நிற்பதுபோலக் கேட்டுவிட்டேன்.

சுகந்தி கையைக் கழுவித் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

“அது உங்களுக்குப் பிடிக்குமெண்டு எழுதினது ரீச்சர். நீங்கள் அந்தப் பெட்டையின்ர பக்கத்தைத்தான் படிப்பிச்சனீங்கள். நான் வாசிக்கேக்க அந்த வீட்டுக்காரியைத்தான் பாத்தனான். பெரிய வீடு. பிள்ளையைப் பாக்கப் படிச்ச ஒராள், வேற போக்கிடமில்லாத ஆள், விட்டிட்டுப் போகாது. நானும் ஒருநாள் அப்பிடி இருக்கவேணுமெண்டு அந்த முன்வாங்கில இருந்து நினைச்சிருக்கிறன்.”

கடையில் முருங்கைக்காய்க்கு முன்னால் என்னைக் கண்டபோதே இந்த நினைப்பு இருந்ததா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பாள், அவள் பொய் சொல்லும் பிள்ளை இல்லை. அந்த அழுகையும் உண்மைதான், இந்தக் கணக்கும் உண்மைதான். இருபது வருடம் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். எதிரில் இருந்தவள் வேறொரு கதையைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்த ஊரில் யார் யாரோ என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் படிப்பித்ததில்லை.

நான் போகப்போகிறேன் என்று சொன்னேன். அவள் திடுக்கிட்டுப்போனாள். அவளுடைய நாவலில் அது நடப்பதில்லை.

8

நீங்கள் கேட்கமுதல் சொல்லிவிடுகிறேன், இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் இரண்டு பஸ் எடுத்து ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறேன். இருபது குழந்தைகள். பின்னேரம் ஆறு மணிக்குத் தாய் தகப்பன் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். மடியில் யாரையும் நீண்ட நேரம் வைத்திருக்கக்கூடாது என்று நிலையத்தில் ஒரு விதி. முதல் தடவையாக இந்த நாட்டின் விதி ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆரணி பெரியபிள்ளையானதற்கான சாமத்திய விழா அடுத்த வசந்தத்தில் மண்டபம் எடுத்து நடந்தது. அழைப்பிதழ் வந்தது. போகவில்லை. யூனியன்வில் பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. அவளுக்கு இப்போது பதினைந்து நடக்கிறது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறாயே, அவள் பார்த்தால் என்ன என்று சிநேகிதி ஒருத்தி கேட்டாள். உயிர்மெய்யில் விட்ட பிள்ளை, தமிழ் வாசிக்க மாட்டாள். அந்தத் துணிவில்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நான் வெளியேறிய சனிக்கிழமை. சூட்கேஸ்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆரணி பேஸ்மன்ற் படியால் இறங்கி வந்து கட்டிலில் இருந்தாள். எனக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டதென்று தாய் சொல்லியிருக்கிறாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்ல அது ஒரு நல்ல பொய்தான். ஆனால் ஆரணி நான் வளர்த்த பிள்ளை, அப்படியே நம்பிவிடாது.

“அண்டைக்கு என்ர ஷேர்ட்டை உங்களிட்டைத் தந்ததாலயா?” என்று கேட்டாள். “அப்பவே உங்கட ஃபேஸ் மாறினது. ஐ சோ இற். ஆனா அது ஜஸ்ட் லோன்றி, தோய்க்கிற உடுப்புத்தானே ரீச்சர். வட்ஸ் த பிக் டீல்?”

சொல்லலாம். தட்டத்தில் இருந்தது என்ன, அந்தப் பெண்கள் ஏன் பின்னால் போனார்கள், உன் அம்மா என்னைப் பார்த்ததன் அர்த்தம் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். என் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் உன்னை விட்டுவிட்டு ஓடவில்லை, என்னைத் துரத்தினார்கள் என்று அவளுக்கு விளங்கவைக்கலாம். பிள்ளை என் பக்கம்தான் நிற்கும், எனக்குத் தெரியும்.

ஆனால் அதை விளங்கவைப்பதற்கு முதல், செல்லம் என்றொருத்தி இருந்தாள் என்று சொல்லவேண்டும். அவள் ஏன் முன்கதவால் வரக்கூடாது என்று சொல்லவேண்டும். பிறப்பால் சிலர் அந்த உடுப்பை எடுக்கிறவர்கள், சிலர் கொடுக்கிறவர்கள் என்றும், நீ எந்தப் பக்கம், உன் வகுப்பில் இருக்கிற மற்றத் தமிழ்ப்பிள்ளைகள் எந்தெந்தப் பக்கம் என்றும் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதுவரை அவளுக்கு அது ஒன்றும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது வெறும் ஈர ஷேர்ட். நான் அவளுக்கு எத்தனையோ படிப்பித்தேன். இதை மட்டும் தெரிந்தே விட்டிருந்தேன். ஒருநாள் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள், மேலே அறையில் அதற்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் நானாக இருக்கமுடியாது.

“இல்லை பிள்ளை, அதில்லை. எனக்கு வேலை கிடைச்சிட்டுது” என்றேன்.

“பெட்டர் ஜொப்?”

“ஓம்.”

அவள் என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள். பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். கண்டுபிடிக்கவேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். ஏழு வருடம் ஒன்றாக இருந்த என்னை அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

“அப்ப நீங்க இஞ்ச வேர்க் மட்டுந்தான் பண்ணினீங்களா?” என்று முடிந்தவரை தமிழில் கேட்டாள்.

“ஓம் பிள்ளை” என்றேன்.

எழும்பிப் போனாள். கதவை அடித்துச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். நான் பழக்கியபடியே, சத்தம் வராமல், மெதுவாகச் சாத்திவிட்டுப் படியேறிப் போனாள்.